வாசகர் கேள்விகள்: மலையைத் திறப்பது எப்போது?

சென்ற இதழில், மகளைப் பார்க்கச் சுவிற்சர்லாந்து போயிருந்த நாட்களில் ஒரு பனிச்சறுக்கு மலையின் திறப்பு மூன்று முறை தள்ளிப்போனதையும், எந்த இரவுகளில் அங்கே இயந்திரத்தால் பனி செய்தார்கள் என்பதையும் இரண்டே வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். அந்த இரண்டு வரிகளுக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டன. ஆகையால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஓய்வூதியம், காணி உறுதி, பிள்ளைகளின் பாடசாலை அனுமதி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொட்டகலையிலிருந்து ஒரு தாய்: ஐயா, என் மகனைச் சுவிற்சர்லாந்தில் ஒரு பனிச்சறுக்கு மலையில் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். முதலில் நவம்பர் 25 என்றார்கள், பிறகு டிசம்பர் 2 என்றார்கள், இப்போது காலநிலையைப் பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள். குளிர் தாங்க முடியவில்லை என்று அவனே சொல்கிறான். குளிரும் இருக்கிறது, பனி செய்யும் இயந்திரமும் இருக்கிறது என்றால் மலையைத் திறப்பதற்கு என்ன தடை? பிள்ளையை ஏமாற்றுகிறார்களா?

அம்மா, உங்கள் மகனை வேலைக்கு எடுத்தவர்களை எனக்குத் தெரியாது; அவர்களுடைய நேர்மைக்கு நான் பிணை நிற்க முடியாது. வேலை தொடங்கும் திகதி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா, தள்ளிப்போகும் நாட்களில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் யார் பொறுப்பு என்பவற்றை அவர் இப்போதே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். ஆனால் நவம்பர் கடைசியில் திறப்புத் திகதி நழுவுவது ஒன்றை மட்டும் வைத்து அதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. நான் பார்த்த மலையில் முதலாளி முதல் தேநீர்க்கடைக்காரர்வரை எல்லோருமே திறக்கத் துடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

குளிர் வேறு, பனி வேறு. நவம்பரில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கை விறைக்கும். ஆனாலும் பகலில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் 4, 5 பாகையில் நிற்கும், இரவில்தான் பூச்சியத்துக்குக் கீழே இரண்டொரு பாகை இறங்கும், அந்த இரவிலும் மூடுபனி வந்து பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டால் இயந்திரத்தை ஓட்டிப் பயனில்லை. அதன் காரணத்தை ஹட்டன் மாணவிக்கு எழுதும் பதிலில் சொல்கிறேன். ஒரு பிரதான சறுக்குத்தடத்துக்கு அடித்தளப் பனியைப் போட்டு முடிக்க, நல்ல வசதியுள்ள மலையிலும், மூன்று முதல் ஐந்து நாட்கள் இயந்திரங்கள் ஓயாமல் ஓட வேண்டும். இரவுக்கு நாலு மணித்தியாலம் மட்டும் ஓட்டக் கிடைத்தால் அந்த ஐந்து நாள், நாட்காட்டியில் ஒரு மாதமாக நீண்டுவிடும்.

இதற்குள் காற்று ஒன்று குறுக்கே வரும். தென்மேல் பருவக்காற்று நம் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது சூடேறி உலர்ந்து கச்சானாக வீசுவதைப் புவியியல் பாடத்தில் படித்திருப்போம். அதே குணமுள்ள காற்று ஆல்ப்ஸிலும் உண்டு. அதன் பெயர் ஃபோன். (தொலைபேசியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், நானும் முதல் நாள் குழம்பினேன்.) சில மணித்தியாலங்களில் வெப்பநிலையைப் பத்துப் பாகைக்கு மேல் ஏற்றிவிடக்கூடிய அந்தக் காற்று, மூன்று இரவு கண்விழித்துச் செய்த பனியில் நல்ல பங்கை ஒரே இரவில் தின்றுவிட்டுப் போகும்.

இருக்கிற பனியோடு திறந்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கவ்வாத்து வெட்டிய மலையில் துளிர் வந்த கையோடு கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்றைக்குக் கொழுந்து கிடைக்கும், செடி வருடம் முழுவதும் எழும்பாது. சறுக்குத்தடமும் அப்படித்தான். புல் முளைத்த மட்டமான சரிவுக்குக் குறைந்தது 30 சென்ரிமீற்றர் அழுந்திய பனி வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கல்லும் வேர்க்கட்டையும் உள்ள சரிவுக்கு அது போதவே போதாது. அந்த அளவு சேரும் முன் ஆயிரம் பேரை இறக்கினால், அவர்களுடைய சறுக்குக்கட்டைகளின் விளிம்பு பனியைச் சீவிச் சீவி ஓரத்துக்குத் தள்ளும், நடுவில் மண் தெரியும், கறுத்த மண் வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள பனியையும் கரைக்கும். நத்தார் விடுமுறைக்கென்று வைத்திருந்த அடித்தளம், நவம்பரின் ஒரு சனி ஞாயிறில் கரைந்துவிடும்.

ஹட்டனிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி: வெளியே 1 பாகை இருக்கும்போதும் சில இரவுகளில் பனி செய்தார்கள் என்றும், பூச்சியத்துக்குக் கீழ் 1 பாகை இருந்த இரவில் இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நீர் 0 பாகையில் உறையும் என்றுதான் நாங்கள் படிக்கிறோம். இரண்டும் எப்படிச் சரியாகும்?

இரண்டும் சரிதான் மகளே. நான் 31 வருடங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவன். கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இரண்டு வெப்பமானிகள் சோடியாகத் தொங்கும்; ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கும், மற்றதன் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது குமிழிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் அது எப்போதும் குறைவாகக் காட்டும். காற்று உலர்ந்திருந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெருகும், கொழுந்து நன்றாக வாடும். மழைக்காலத்தில் வித்தியாசம் ஒரு பாகையாகச் சுருங்கும், விடிய விடியக் காற்றை ஊதினாலும் கொழுந்து பச்சையாகவே கிடக்கும். நான் இராச்சேவையில் முதலில் பார்ப்பது அந்த வித்தியாசத்தைத்தான். முப்பது வருடம் கழித்து ஆல்ப்ஸ் மலையில் ஒரு கட்டுப்பாட்டு அறைக்குள் போனால், அங்கேயும் திரையில் முதல் வரியில் இருந்தது ஈரக்குமிழ் வெப்பநிலைதான். எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை.

பனி செய்யும் இயந்திரத்தைப் பீரங்கி என்பார்கள்; அதிலிருந்து பறக்கும் நீர்த்துளியும் அந்த ஈரத் துணியைப்போன்றதுதான். அதன் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் நீர் ஆவியாகும், அதனால் துளி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிரும். ஆகவே துளிக்குத் தெரிவது உலர்குமிழ் வெப்பநிலை அல்ல, ஈரக்குமிழ் வெப்பநிலை. காற்று 1 பாகையில் இருந்து சாரீரப்பதன் (காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இருக்கும் பங்கு) 40 சதவீதமாக இருந்தால் ஈரக்குமிழ் ஏறத்தாழப் பூச்சியத்துக்குக் கீழ் 2.6 பாகையைக் காட்டும். காற்று பூச்சியத்துக்குக் கீழ் 1 பாகையில் இருந்து சாரீரப்பதன் 95 சதவீதமாக இருந்தால், ஈரக்குமிழ் பூச்சியத்துக்குக் கீழ் 1.3 பாகையில் நின்றுவிடும். பெரும்பாலான இயந்திரங்கள் பனி செய்யத் தொடங்கும் வாசல் பூச்சியத்துக்குக் கீழ் 2 முதல் 2.5 ஈரக்குமிழ்ப் பாகை. முதல் இரவு வாசலைத் தாண்டிவிட்டது, இரண்டாவது இரவு தாண்டவில்லை. மூடுபனி வந்தால் வேலை கெட்டது என்று மேலே சொன்னதும் இதனால்தான். வாசலைத் தாண்டியவுடன் கிடைக்கும் பனியும் ஈரமானது, அளவிலும் சொற்பம். ஈரக்குமிழ் பூச்சியத்துக்குக் கீழ் 5, 6 பாகைக்கு இறங்கினால்தான் பொறுப்பாளர் முகத்தில் சிரிப்பு வரும்.

நீர் 0 பாகையில் உறையும் என்று நீங்கள் படிப்பதற்கும் ஒரு திருத்தம் உண்டு. 0 பாகை என்பது பனிக்கட்டி உருகும் வெப்பநிலை. சுத்தமான சிறு நீர்த்துளியோ, பற்றிக்கொள்ள ஒரு விதை கிடைக்காவிட்டால், பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 பாகைவரை திரவமாகவே இருக்கக்கூடும். அந்த விதையைக் கொடுப்பதற்குத்தான் அமுக்கிய காற்று. சிறு துவாரத்தின் வழியாக நீரையும் அமுக்கிய காற்றையும் சேர்த்துவிட்டால், காற்று விரிந்து குளிர்ந்து, மிக நுண்ணிய துளிகள் உடனே உறைந்து விதைகளாகும். அவை பெரிய துளிகளோடு மோதி அவற்றையும் உறைய வைக்கும். ஒரு கிலோகிராம் நீர் உறையும்போது 334 கிலோயூல் மறைவெப்பம் வெளிவரும்; அதைக் காற்று கொண்டுபோக வேண்டும். ஒரு கிராம் நீர் ஆவியானால் எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஏழரை கிராம் நீர் உறைவதற்கு விட்டுக்கொடுக்கும் வெப்பத்துக்குச் சமம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உலர்ந்த காற்றின் பெறுமதி விளங்கும். இதற்கெல்லாம் துளிக்குச் சில விநாடி அவகாசம் வேண்டும் என்பதால்தான் கம்பம்போன்ற இயந்திரங்களைப் பத்து மீற்றரளவு உயரத்துக்கு நிறுத்துகிறார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வேய்ன் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி என்ற மூவர் சறுக்குக்கட்டை செய்து விற்றுவந்தார்கள். பனி பெய்யாத ஒரு பருவத்தில் வியாபாரம் படுத்துவிடவே, 1950 ஆம் ஆண்டு, பெயின்ற் அடிக்கும் தெளிப்பானையும் தோட்டக் குழாயையும் கம்பிரசரையும் பூட்டிப் பனி செய்து பார்த்தார்கள்.

நுவரெலியாவில் விருந்தினர் விடுதி நடத்துபவர்: ஒவ்வொரு வருடமும் ஜனவரி, பெப்ரவரியில் குதிரைப் பந்தயத் திடலும் பூங்காவும் வெள்ளையாகின்றன. அந்த நேரம் பார்த்து நாலு இயந்திரங்களைக் கொண்டுவந்து பனிச்சறுக்கு நடத்தினால் உல்லாசப் பயணிகள் குவிய மாட்டார்களா?

குவிவார்கள். ஆனால் சறுக்குவதற்கு ஒன்றும் இருக்காது. நம் ஊரில் விழுவது வானத்திலிருந்து வரும் பனி அல்ல, உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. புல் நுனி 0 பாகைக்கு இறங்கும்போதும் ஆள் உயரத்தில் காற்று 2, 3 பாகை மேலே இருக்கும். அதோடு, விடியும் வேளையில் நிலத்தருகே காற்று ஈரத்தால் நிறைந்திருப்பதால் ஈரக்குமிழும் உலர்குமிழும் ஒரே எண்ணைக் காட்டும். வாசலை எட்டும் மணித்தியாலங்கள் வருடத்தில் விரல்விட்டு எண்ணக் கிடைத்தாலே அதிசயம். அப்படி எட்டினாலும் ஏழாம் பாகை அகலாங்கின் வெயில் எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் மிச்சத்தைத் துடைத்துவிடும்.

ஆனால் உங்கள் ஊரிலிருந்து ஆல்ப்ஸுக்குப் போகிறவனுக்கு ஒரு விடயம் உடனே பிடிபடும். உறைபனி இரவில் கொழுந்து கருகுவது பள்ளத்து மலையில்தான். அதே தோட்டத்தின் மேட்டு மலை தப்பிவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப்போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். அங்கேயும் நவம்பரின் தெளிந்த இரவுகளில் மலையடிவாரம், பாதி உயரத்தில் கம்பிவட வண்டி நிற்கும் இடைநிலையத்தைவிடக் குளிர்ந்திருக்கும்; கீழே பீரங்கிகள் முழங்கும்போது மேலே உள்ளவை ஓய்ந்திருக்கும். உயரமான இடம்தானே குளிராக இருக்கும் என்று பள்ளிக்கூடக் கணக்குப் போடுகிறவர் அங்கே முதல் வாரமே தோற்றுப்போவார்.

விடாப்பிடியாக வேண்டும் என்றால் துபாய் செய்ததைச் செய்யலாம். 2005 ஆம் ஆண்டிலிருந்து அங்கே ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் பனிச்சறுக்கு நடக்கிறது. கட்டடத்தை முழுக்கக் குளிரூட்டிப் பெட்டியாக மாற்றிவிட்டால் காற்றின் ஈரத்தையும் நீங்களே தீர்மானிக்கலாம். மின்கட்டணப் பட்டியலை மட்டும் எனக்குக் காட்ட வேண்டாம்.

கந்தப்பளையிலிருந்து மரக்கறி விவசாயி: உறைபனி இரவில் நாங்கள் கிழங்குச் செடிக்கு நீர் தெளித்துக் காப்பாற்றுகிறோம். அவர்கள் நீர் தெளித்துப் பனி செய்கிறார்கள். ஒரே நீர் எப்படி இரண்டையும் செய்யும்?

நீர் உறையும் இடம்தான் வித்தியாசம். உங்கள் செடியில் நீர் இலையின் மேல் உறைகிறது. மாணவிக்குச் சொன்ன அந்த 334 கிலோயூல் இலைக்குக் கிடைக்கிறது, தெளிப்பு நிற்காதவரை இலை 0 பாகைக்குக் கீழே போகாது. அங்கே துளி ஆகாயத்தில் உறைகிறது, வெப்பத்தைக் காற்று கொண்டுபோய்விடுகிறது.

இன்னொரு தொடர்பும் உண்டு. உங்கள் பயிரில் உறைபனியின் சேதத்தைக் கூட்டுகிற பக்றீரியா வகைகளுள் ஒன்று சூடோமோனஸ் சிரிங்கே. அதன் உடலிலுள்ள ஒரு புரதம் பனிக்கட்டிக்கு விதையாக வேலை செய்வதால், பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே நீரை உறைய வைத்துவிடுகிறது. 1987 இல் கலிபோர்னியாவில் அந்தப் புரதம் நீக்கப்பட்ட மாற்று வகையைத் திறந்த வயலில் தெளித்துப் பரிசோதித்தார்கள். உறைபனியிலிருந்து பயிரைக் காப்பது நோக்கம். இதற்கு நேர் எதிராக, கொல்லப்பட்ட பக்றீரியாவின் அதே புரதத்தைத் தூளாக்கிச் சில நாடுகளில் பனியாக்க நீரில் கலக்கிறார்கள். பதுளை வாசகர் ஒருவர் அந்தப் பனியில் இரசாயனம் உண்டா என்று தனியாகக் கேட்டிருந்தார். பெரும்பாலான இடங்களில் அது வெறும் நீரும் காற்றும்தான், கலக்கும் இடங்களில் கலப்பது இதைத்தான்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்: இதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மலை உச்சியில் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கணக்கை நாமே போடலாம். ஒரு கிலோமீற்றர் நீளமும் 40 மீற்றர் அகலமும் உள்ள ஒரு தடம் 4 ஹெக்டேயர். அதில் 30 சென்ரிமீற்றர் கனத்துக்குப் போட 12,000 கனமீற்றர் பனி வேண்டும். புதிதாக விழும் இயற்கைப் பனி பஞ்சுபோன்றது, கனமீற்றருக்கு 100 கிலோகிராம் அளவில் இருக்கும். இயந்திரப் பனியோ நட்சத்திர வடிவம் எடுக்க நேரமில்லாமல் உருண்டை மணிகளாக உறைந்தது, ஆகவே 400 முதல் 500 கிலோகிராம்வரை நிறுக்கும். 450 என்று வைத்துக்கொண்டால் 5,400 கனமீற்றர் நீர். நமக்குப் புரியும் அளவில் சொன்னால், 6,000 லீற்றர் பவுசர் 900 தடவை வந்து போக வேண்டும், அதுவும் ஆவியாவதையும் காற்று அடித்துக்கொண்டு போவதையும் சேர்க்காமல், ஒரே ஒரு தடத்துக்கு. இத்தாலியின் சறுக்குத்தடங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்குக்கும், ஆஸ்திரியாவில் முக்கால் பங்களவுக்கும், சுவிற்சர்லாந்தில் பாதிக்குச் சற்று மேலாகவும் இந்த வசதி பூட்டப்பட்டிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு பிடிபடும்.

சிக்கல் என்னவென்றால், தண்ணீர் வேண்டிய நவம்பர், டிசம்பரில்தான் மலையோடைகள் வற்றிக்கொண்டு வரும்; மேலே விழுவதெல்லாம் பனியாகத் தங்கிவிடுவதே காரணம். ஓடையில் நேரடியாகக் குழாய் போட்டால் மீனும் சாகும், கீழேயுள்ள கிராமமும் சண்டைக்கு வரும். ஆகவே பனி உருகும் காலத்தில் நீரைப் பிடித்து வைக்க மலையின்மேல் குளம் வெட்டுகிறார்கள். வசந்தத்தில் உருகும் நீர் திரும்ப ஓடைக்குத்தானே போகிறது என்று நடத்துகிறவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் எடுத்த மாதத்தில் திரும்புவதில்லை. நவம்பரில் அந்தக் குளத்து நீரில் இலையுதிர்காலச் சூடு இன்னும் மிச்சமிருக்கும். அதை அப்படியே விட்டால் வாசலில் நிற்கும் இரவுகள் வீணாகும் என்பதால் முதலில் குளிர்விக்கும் கோபுரத்தின் வழியாக ஓடவிடுகிறார்கள்.

மின்சாரத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையில் இருப்பவருக்கு இது சுவையாக இருக்கும். உங்கள் ஊர் நீர் கீழே விழுந்து மின்சாரம் தருகிறது. அங்கே மின்சாரம் கொடுத்து நீரை மேலே ஏற்றுகிறார்கள். ஒரு கனமீற்றர் நீரை 500 மீற்றர் உயர்த்த, பம்பின் இழப்பைச் சேர்க்காமலே, 1.36 அலகு மின்சாரம் வேண்டும். மேலே சொன்ன ஒரு தடத்துக்கு 7,000 அலகுக்கு மேல். கம்பிரசருக்கும் விசிறிக்கும் தனிக் கணக்கு.

பண்டாரவளையிலிருந்து ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்: தோட்டத்தில் எந்த மலையை எப்போது எடுப்பது என்று துரை தீர்மானிப்பார், பெரட்டில், அதாவது காலையில் தொழிலாளர் கூடும் இடத்தில், அறிவிப்பார், முடிந்தது. அங்கே திறக்கும் நாளை யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்?

ஐயா, பெயருக்கு அங்கேயும் ஒரு துரை உண்டு. ஆனால் அவரை இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். பருவச் சீட்டை முற்கூட்டியே விற்றுவிட்ட வியாபாரப் பிரிவு, முதலில் திறந்த மலை என்ற பெயருக்கு ஆசைப்படும். அமெரிக்காவின் கொலராடோவில் அரப்பஹோ பேசின், கீஸ்டன் போன்ற மலைகள் ஒக்டோபரிலேயே முந்தப் போட்டி போடுவது பேர்போனது. ஏறத்தாழ 3,000 மீற்றர் உயரமும் உலர்ந்த காற்றும் உள்ளதால் அவர்களுக்கு அது முடிகிறது. ஆனால் அங்கேயும் திறப்பது ஒற்றைத் தடத்தைத்தான். இரண்டு பக்கமும் மண், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, அதில் முதல் நாளுக்காகக் காத்திருந்த ஊரே இறங்கும். தேர்ந்தவரும் தத்தித் தடுமாறுபவரும் ஒரே கோட்டில் மோதிக்கொள்வதால் அமெரிக்கர்கள் அதை ‘மரணத்தின் வெள்ளை நாடா’ என்று கேலியாக அழைக்கிறார்கள். மற்றப் பக்கத்தில் மீட்புப் பிரிவினர் நிற்பார்கள்: கம்பிவட வண்டியின் சோதனை முடிந்ததா, தடத்தின் ஓரத்தில் நிற்கும் பீரங்கிகளுக்கு மெத்தை கட்டியாகிவிட்டதா, அடிவாரம்வரை சறுக்க முடியுமா அல்லது இடைநிலையத்திலிருந்து எல்லோரையும் வண்டியில் கீழே இறக்க வேண்டுமா என்று கேட்பார்கள். இறக்க வேண்டும் என்றால் மாலை நாலு மணிக்கு வரிசை எவ்வளவு நீளும் என்பதும் திறப்பைத் தீர்மானிக்கும்.

காலம் முந்துவதில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். சுவிஸின் ஸெர்மாட்டில் மலையுச்சிப் பனியாற்றிலிருந்து இத்தாலியின் செர்வினியாவுக்கு இறங்கும் உலகக்கிண்ண ஓட்டத்தைப் பருவத் தொடக்கத்திலேயே நடத்தத் திட்டமிட்டார்கள். 2022 இல் கீழ்ப்பகுதியில் பனி போதாமல் இரத்தானது. 2023 இல் பனியும் காற்றும் மிதமிஞ்சி அடித்து இரத்தானது. அதன் பிறகு அந்த ஓட்டம் நாட்காட்டியிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. இதைவிடத் தாவோஸ்காரர்களின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது: சென்ற பருவத்துப் பனியைக் குவித்து, நம் ஊரில் முன்பு ஐஸ்கட்டியைப் புதைத்து வைத்ததுபோல மரத்தூளால் மூடி, கோடை முழுவதும் காத்து, ஒக்டோபர் கடைசியில் விரித்துச் சமதரைச் சறுக்குக்குத் தடம் போட்டுவிடுகிறார்கள்.

வருடக் கணக்கில் பார்க்கிறவர்கள் இன்னொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, 30 சென்ரிமீற்றருக்குக் குறையாத பனி 100 நாட்களாவது கிடைத்தால் அந்த மலை நின்று பிடிக்கும். இந்த 100 நாளை எந்த முனையில் சேர்ப்பது என்பதில்தான் என் அபிப்பிராயம் வியாபாரப் பிரிவினரோடு ஒத்துப்போகவில்லை. நவம்பரில் அவசரப்பட்டு எடுக்கும் மூன்று நாளைவிட, கெட்டியாகப் போட்ட அடித்தளம் ஏப்ரலில் தரும் பத்து நாள் பெரிது. அதற்கு முன்னதாக, நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட வாரத்தில் அந்த அடித்தளம் அங்கே இருக்க வேண்டும்.

நான் கண்ட துரை அந்த மலையின் முகாமையாளர் அல்லர், பனியாக்கத்துக்குப் பொறுப்பான ஓர் அறுபது வயதுக்காரர். என் மருமகனுக்குத் தெரிந்தவர் என்பதால் ஒரு வியாழக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சனிக்கிழமை திறப்பு என்று விளம்பரம் ஒட்டியாகிவிட்டது. திரையில் ஈரக்குமிழ் பூச்சியத்துக்குக் கீழ் 3 என்று காட்டியது. எண்ணைப் பார்த்தால் ஓட்டலாம். அவர் திரையை நம்பவில்லை. ஒவ்வொரு பீரங்கிக்கு முன்னாலும் தூறல் விழும் இடத்தில் போய் நின்று, கையை நீட்டி, மேலங்கியின் முழங்கைப் பக்கத்தைக் காட்டுவார். துகள்கள் துணியில் பட்டுத் துள்ளி விழுந்தால் பனி நல்லது. ஒட்டிக்கொண்டு கண்ணாடிப் புள்ளிகளாக மாறினால் ஈரம் அதிகம். கைமுட்டியில் கொழுந்தைப் பிடித்து அமுக்கி வாட்டம் பார்த்த என் பழைய பெரிய ஐயா ஒருவரை நினைத்துக்கொண்டேன்.

மேலேயுள்ள ஆறு பீரங்கிகளில் துள்ளியது. கீழேயுள்ள நாலில், ஓடைப் பக்கத்து ஈரக் காற்றில், ஒட்டிக்கொண்டது. அவர் அந்த நாலையும் நிறுத்தச் சொன்னார். என் மருமகன், நீரைக் குறைத்துக்கொண்டு ஓட்டினால் என்ன, சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தானே இருக்கிறது என்று கேட்டார். ஈரப் பனியைப் போட்டால் அது உறைந்து பாறையாகும், மேலே எதைப் போட்டாலும் நிற்காமல் வழுக்கும், பிறகு அதை உடைப்பதற்கு இரண்டு இரவு வேண்டும் என்று அவர் சொன்னார். மேலே குவிந்த பனியையும் உடனே விரிக்க விடவில்லை. திமிங்கிலம் படுத்ததுபோல் கிடந்த அந்தக் குவியல்கள் ஒரு நாளாவது கிடந்து நீர் வடிய வேண்டுமாம், அதன் பிறகுதான் பனி வாரும் சங்கிலிச் சக்கர வண்டி ஏறலாம்.

காலை ஏழு மணிக்கு முகாமையாளர் தொலைபேசியில் வந்தார். பேச்சு ஜேர்மன் மொழியில் நடந்ததால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகாமையாளர் குரல் மட்டும் உயர்ந்தது, அறுபது வயதுக்காரர் குரல் உயரவே இல்லை. ஒன்பது மணிக்குச் சனிக்கிழமை விளம்பரத்தின் மேல் வேறொரு தாள் ஒட்டினார்கள். அடுத்த புதன்கிழமை ஒரே ஒரு கம்பிவடத்தோடு, இடைநிலையத்துக்கு மேலே மட்டும், அந்த மலையைத் திறந்தார்கள்.